பாற்பற்கள் சொன்ன சாட்சியம்

சுற்றாடல் மாசு என்றதும் கரும்புகை கக்கும் தொழிற்சாலையும் நுரை மிதக்கும் ஆறுமே நம் கண்முன் தோன்றுகின்றன. அவை கண்ணுக்குத் தெரிகின்றன. எனவே எதிர்ப்பும் எழுகின்றது. ஆனால், எவ்வித ஆரவாரமுமின்றிக் குழந்தையின் உடலுக்குள் புகுந்து அதன் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும் ஈயத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த காலத்தில் அச்சுக்கூடங்களிலிருந்து ஈய எழுத்துக்கள் முற்றாக மறைந்திருக்கவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோப்பாளர்களின் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். அதே கையால் தேநீர் அருந்துவார்கள். அதே சட்டையுடன் வீடு சென்று பிள்ளைகளைத் தூக்குவார்கள். தொழிலாளியின் உடையில் ஒட்டிய ஈயத்தூசு அவரது குழந்தையையும் பாதிக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. நாள்தோறும் செய்திகளை அச்சேற்றிய அந்த இடத்தில் இச்செய்தியை எவரும் சொல்ல நான் கேட்டதில்லை.

ஒரே அளவு ஈயத்தை உட்கொண்டாலும், வளர்ந்தவர்களைவிடச் சிறு குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக அதனை உறிஞ்சிக்கொள்கிறது. கல்சியம் போலவே ஈயமும் எலும்பிலும் பல்லிலும் சேமிக்கப்படுகிறது. இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளைகளிடம் அது மேலும் எளிதாகச் சேர்கிறது. வறுமையில் வாடும் குழந்தைக்கே பாதிப்பு அதிகம் என்பது இதன் பொருள்.

அமெரிக்க மருத்துவரான ஹேர்பேர்ட் நீடில்மன், மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பாடசாலைச் சிறுவர்களின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். 1979இல் வெளியான அந்த ஆய்வில், பற்களில் ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளிகள் குறைவாக இருந்தன. வகுப்பில் அவர்களுக்குக் கவனம் நிலைப்பதில்லை என ஆசிரியர்களும் குறிப்பிட்டிருந்தனர். அவர்களில் எவரிடமும் நோயின் வெளிப்படையான அறிகுறி இருக்கவில்லை.

இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. ‘மந்தம்’ என்றும் ‘கவனமில்லை’ என்றும் நம் பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகள் பிரம்படி வாங்கியிருப்பார்கள்! அவர்களுள் சிலராவது, தாம் அறியாமல் உண்ட நஞ்சுக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடும் அல்லவா?

உடலிலிருந்து ஈயத்தை ஓரளவு வெளியேற்ற மருந்துகள் உண்டு. இழந்த அறிவாற்றலை மீட்டுத் தரும் மருந்து இல்லை. ஆகவே தடுப்பதே ஒரே வழி. தடுக்க முடியும் என்பதற்குச் சான்றுகளும் உள்ளன. ஈயம் கலந்த பெற்றோலை இலங்கை 2002இல் கைவிட்டது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் அதனை நிறுத்தியது. பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளபளப்பூட்ட ஈயக் குரோமேற்றைக் கலந்து வந்தார்கள். 2019இல் சந்தையில் பெறப்பட்ட மஞ்சள் மாதிரிகளில் 47 வீதமானவற்றில் ஈயம் இருந்தது. அரசு சோதனை நடத்தி, தண்டம் விதித்து, மக்களுக்கும் எடுத்துரைத்தபின் 2021இல் அது பூச்சியமாகியது. இரண்டே ஆண்டுகள்!

ஆயினும் உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின், அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேரின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெப் 2020இல் அறிவித்தது. வாகனப் பற்றரிகளை முறையற்று உடைத்து ஈயம் உருக்குவது இதற்கு முக்கிய காரணம். செனகல் தலைநகர் டக்காரின் புறநகரொன்றில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இதனால் உயிரிழந்தனர்.

பழைய பற்றரியை விற்கும்போது என்ன விலை என்று மட்டுமே நாம் கேட்கிறோம். அது எங்கே, எவர் வீட்டு முற்றத்தில் உடைக்கப்படும் என்றும் கேட்க வேண்டும். அந்த முற்றத்திலும் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்.