இரண்டு தூரங்கள்

நம் மஹல்லாப் பள்ளிவாசலின் பின்கட்டில் ஓர் அறை உண்டு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் அங்கே கேரம் ஆடுவார்கள். மேற்குத் தாம்பரத்தில் ரயிலடியிலிருந்து முடிச்சூர் சாலைப் பக்கம் நடந்து வருகிறவர்களுக்குக் காய்கள் குழியில் விழும் ஓசை தெருவிலேயே கேட்கும். அந்த அறையில் நடுவராக அமரும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. பொறுப்பை ஏற்றதில் நாம் வருந்தவில்லை. அதை நடத்திய விதத்தில் நம்மிடம் ஒரு பிழை நேர்ந்தது. பிள்ளைகளை வைத்து ஆளும் பெற்றோர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

அந்த அறை பிறந்ததற்குக் காரணமே சீட்டாட்டம்தான். கைப்பேசியில் ரம்மி ஆடி மாதச் சம்பளத்தைத் தோற்ற வாலிபர்கள் இந்தப் புறநகரின் பல தெருக்களிலும் இருந்தார்கள். நம் தெருவும் அதற்கு விலக்கன்று. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய மசோதா, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடும் ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடை செய்த பகுதியைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில்தான் இயற்றிற்று.

சட்டம் வருவதும் போவதுமாக இருந்த அந்த இடைக்காலத்தில் நம் ஜமாஅத்தார் கூடிப் பேசினார்கள். பிள்ளைகள் கைப்பேசியை விட்டு எழுந்திருக்க ஏதேனும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. பந்தயம் இல்லாமல், பெரியவர் ஒருவர் பார்வையில், சீட்டுக்கட்டையே வைத்து ஆடவிட்டால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டார். முத்தவல்லி அவர்கள், "கட்டு நம்முடையதாக இருக்கும், தம்பி. பழக்கம் யாருடையதாக இருக்கும்?" என்றார். பிறகு எல்லாரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். கித்தாபில் உள்ளதைச் சொன்னோம். நர்து என்னும் பகடையாட்டத்தை ஹதீஸ் கண்டிக்கிறது. சதுரங்கத்தை ஷாஃபிஈ மத்ஹபினர், பந்தயமும் தொழுகை தவறுதலும் இல்லாதபோது, வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினார்கள். ஹனஃபி இமாம்கள் அதைவிடக் கடுமை காட்டினார்கள். அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவதற்கும் கணக்கிட்டு ஆடுவதற்கும் இடையில் ஃபுகஹாக்கள் வேறுபாடு கண்டிருக்கிறார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கூட்டம் கேரம் பலகையில் வந்து நின்றது. பாங்கு சொன்னதும் ஸ்ட்ரைக்கர் பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்பது முதல் விதியாயிற்று.

கேரம் நம் ஊருக்குப் புதிதன்று. சர்வதேச கேரம் சம்மேளனமே 1988இல் சென்னையில் அமைக்கப்பட்டதுதான். இரண்டு முறை உலகப் பட்டம் வென்று, 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் அவர்கள் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா, வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அந்தச் செய்தி வந்த வாரம், நம் அறையின் வாசலில் பெண் பிள்ளைகள் நான்கு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தனியே ஒரு பலகை வாங்க வேண்டியதாயிற்று. அது வேறு கதை.

நம் கதை சென்ற ஷஅபான் மாதத்தில் நடந்தது. நோன்பு வருவதற்கு முன் பிள்ளைகளுக்குள் ஒரு சிறு போட்டி வைத்தோம். பரிசு ஒரு பேனாவும் கடலை மிட்டாய்ப் பொட்டலமும். அரையிறுதியில் ஒரு பக்கம் ஒன்பது வயதுச் சிறுவன். மறுபக்கம் பதினான்கு வயதுப் பையன். சிறியவன் முந்திய ஆண்டுதான் தந்தையை இழந்தவன். பெரியவன் கொத்து வேலை செய்பவரின் மகன், அதிகம் பேசாதவன், அப்போது நம்மிடம் பதினேழாம் ஜுஸ்வு ஓதிக்கொண்டிருந்தான்.

கேரம் பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். ஒன்பது வயதுக் கைக்கு அது பெரிய மைதானம். ஆடுகிறவன் இருக்கையை விட்டு எழக்கூடாது, ஸ்ட்ரைக்கர் இரண்டு கோடுகளையும் தொட்டபடி இருக்க வேண்டும் என்பன விதிகள். சிறியவன் எட்டாத காய்க்கெல்லாம் எழுந்து நின்று குனிந்தான். ஸ்ட்ரைக்கரை ஒற்றைக் கோட்டில் வைத்து அடித்தான். நாம் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். ஒரு முறை, சிவப்பைப் போட்ட பிறகு அடுத்த காயைப் போடத் தவறினான். பிள்ளைகள் "ஃபாலோ இல்லை, ஃபாலோ இல்லை" என்று கூவினார்கள். இன்னொரு அடி அடித்துக்கொள்ளட்டும் என்றோம். அதே ஆட்டத்தில் பெரியவன் ஒரு தடவை இருக்கையிலிருந்து எழுந்தான். தவறு என்று சொல்லித் தண்டம் போட்டோம். மறுபடி அவனுடைய ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொடாமல் மயிரிழை தள்ளியிருந்தது, அதையும் சொன்னோம். அவன் மறுவார்த்தை பேசாமல், போட்ட காயை எடுத்து நடுவில் வைத்தான். கடைசிப் பலகையில் இரண்டு புள்ளியில் தோற்றான். சிறியவனை மற்றப் பிள்ளைகள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அன்றிரவு நாம் மிகுந்த மனநிறைவோடு உறங்கினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் பெரியவன் ஆட வரவில்லை. அதற்கு மறுநாள் ஓதவும் வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, இரும்புலியூர்ப் பக்கம் இருந்த அவன் வீட்டிற்குச் சென்றோம். "பரீட்சைன்னு சொல்றான், ஹஜரத்" என்றார் அவனுடைய தாயார். தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டபோது பையன் தெருமுனை வரை கூடவே வந்தான். அங்கே நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"அவன் சின்னப் பையன், அத்தா இல்லாத பிள்ளை. எனக்குத் தெரியாதா, ஹஜரத்? ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரெண்டு காய் விட்டுக் கொடுத்திருப்பேன். நீங்க என்கிட்ட கேக்காமலே எடுத்துக் கொடுத்துட்டீங்க."

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சதக்காவின் சட்டங்களைப் பாடம் நடத்தி வருகிறோம். பிறர் பொருளிலிருந்து தர்மம் செய்ய ஒருவனுக்கு உரிமை இல்லை என்பது அதில் தொடக்கப் பாடம். அந்தப் பையனிடம் அன்று இருந்த பொருள் அவனுடைய ஆட்டம் ஒன்றுதான். அதிலிருந்து எடுத்து நாம் தர்மம் செய்து, நன்மையை நம் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

அவனுக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை நினைவுக்கு வந்தார். பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வேண்டியவர் அவர். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்ட பெருமானார், இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். அந்தத் தந்தையின் பாசத்தில் பழுது இல்லை. ஆயினும் சாட்சி கிடைக்கவில்லை. இந்த ஹதீஸை நாம் பெற்றோர்களுக்கு எத்தனையோ முறை பயான் செய்திருக்கிறோம். உஸ்தாதின் முன்னால் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்பது அன்றுவரை நமக்கு உறைக்கவில்லை.

அப்படியானால் ஒன்பது வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் ஒரே விதிதானா? சிறியவன் ஒவ்வொரு நாளும் தோற்க வேண்டியதுதானா? இதற்கு விடை தேடியபோது, மதீனாவில் நடந்த குதிரைப் பந்தயம் பற்றிய இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு கைகொடுத்தது. புகாரியில் அதைப் பலமுறை ஓதிக் கடந்திருக்கிறோம். தீனி குறைத்து மெலியவைத்துப் பயிற்சி கொடுத்த குதிரைகளை நபியவர்கள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதாஃ வரை ஓடவிட்டார்கள். அப்படிப் பயிற்சி பெறாத குதிரைகளை ஸனிய்யதுல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓடவிட்டார்கள். முதல் தூரம் ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவது ஏறத்தாழ ஒரு மைல் என்று ஸுஃப்யான் அவர்கள் விளக்கம் தருகிறார்கள். இளைஞரான இப்னு உமரும் அந்தப் பந்தயத்தில் ஓட்டியவர்.

வாசக நேயர்கள் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பயிற்சியில்லாத குதிரைக்கு இரக்கம் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த இரக்கம் ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே, எல்லாரும் அறிய, தூரமாக அளந்து வைக்கப்பட்டுவிட்டது. ஓடத் தொடங்கிய பிறகு இன்ன குதிரை பாவம், அதன் எல்லைக்கல்லை முன்னே தள்ளி வையுங்கள் என்று சொல்லும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அரபியில் அத்ல் என்றால் நீதி. அதே வேரில் பிறந்த இத்ல் என்னும் சொல்லுக்கு, ஒட்டகத்தின் இருபுறமும் சமமாகத் தொங்கும் பொதிகளில் ஒன்று என்று பொருள். பொதியைச் சமன் செய்வது ஒட்டகம் எழுவதற்கு முன் செய்கிற வேலை. பாதி வழியில் ஒரு பக்கத்துப் பொதியிலிருந்து அள்ளி மறுபக்கம் போட்டால் ஒட்டகக்காரன் கையில் இருப்பதும் சிந்திவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பிள்ளைகளை உட்கார வைத்து, நாம் செய்தது பிழை என்று சொன்னோம். பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்வது எளிதாக இல்லை. வாய் வறண்டது. பிறகு தூரத்தை அளக்க உட்கார்ந்தோம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவன் பெரியவனோடு ஆடினால் இரண்டு காய்கள் முன்கூட்டியே அவன் கணக்கில் சேரட்டும் என்று நாம் சொல்ல, அந்த ஒன்பது வயதுப் பிள்ளை எழுந்து, "ஒண்ணு போதும், ஹஜரத்" என்றான். ஒன்று என்றே எழுதினோம். உயரம் போதாதவர்களுக்கு முக்காலியின்மேல் வைக்க ஒரு மனைப்பலகை செய்யச் சொன்னோம். எழுந்து நிற்கும் பிரச்சினையில் பாதி அதோடு தீர்ந்தது! முதல் நாளே ஒரு தச்சரைக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. காயும் மனையும் தவிர மற்ற விதிகள் எல்லாருக்கும் ஒன்றே என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

நாம் காட்டிய சலுகையால் அந்தச் சிறியவனுக்கு நேர்ந்த கெடுதி பின்னர்தான் தெரிய வந்தது. பள்ளிக்கூடத்துப் போட்டி ஒன்றில் அவன் வழக்கம்போல் எழுந்து நின்று அடித்திருக்கிறான். நடுவர் தவறு என்றாராம். எங்கள் ஹஜரத் ஒன்றும் சொல்லமாட்டாரே என்று இவன் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவனுடைய தாயார்தான் வந்து சொன்னார்கள். பிள்ளை நம்மிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

விதி எழுதிய இரண்டாம் வாரம் நம் மகள் வயிற்றுப் பேரனே பலகைக்கு வந்தான். எட்டு வயது. நாம் நடுவராக இருக்கலாமா என்று யோசித்து விலக நினைத்தோம். அன்று வேறு பெரியவர் எவரும் இல்லை. அம்பெறியும் போட்டியில் நபியவர்கள் ஒரு பிரிவாரோடு சேர்ந்துகொண்டதாகச் சொன்னதும், எதிர்ப்பிரிவார் எறியாமல் கையை நிறுத்திவிட்டார்கள். தாம் இரு பிரிவாரோடும் இருப்பதாக நபியவர்கள் சொன்ன பிறகே மீண்டும் எறிந்தார்கள். நடுவர் யார் பக்கம் என்பது ஆடுகிறவன் கைக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. பேரன் கடைசிக் காயைப் போட ஸ்ட்ரைக்கரை ஒற்றைக் கோட்டில் வைத்தான். சொன்னோம். தோற்றான். வீட்டில் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மகளும் ஒரு வேளை பேசவில்லை.

கொத்து வேலைக்காரரின் மகன் நோன்பு பத்தில் ஓத வந்துவிட்டான். இப்போது இருபத்திரண்டாம் ஜுஸ்வு. சுவரில் ஒட்டியிருப்பதை ஒரு நாள் நின்று படித்தான். சிறிய பிள்ளைகள் ஆடும்போது அருகில் அமர்ந்து, "கோட்டைத் தொட்டு வைடா" என்று சொல்லிக் கொடுக்கிறான். அவர்களோடு ஆடவும் செய்கிறான், நாம் தொழுகைக்கு உளூ செய்யப் போயிருக்கும் நேரம் பார்த்து. நாம் நடுவராக இருக்கும் பலகையில் இன்றுவரை அமரவில்லை. நாமும் அழைக்கவில்லை.