சேவல் காசு



நேற்று பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது 1979-ஆம் வருஷத்து நோட்டு ஒன்று அகப்பட்டது. உள்ளே, காசின் மேல் தாளை வைத்து நான் பென்சிலால் தேய்த்து எடுத்த சேவல் படம். அதன் கீழே 1904 என்று தெளிவாக இருக்கிறது.

தாத்தா சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலை பார்த்துவிட்டுக் குரும்பகரம் திரும்பியபோது ஐந்து தங்கக் காசுகள் கொண்டுவந்தார். இருபது பிராங்க் நாணயம். ஒரு பக்கம் மரியான் என்கிற பெண்ணின் தலை, மறுபக்கம் சேவல். எடை 6.45 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம். நான்கு காசுகள் அத்தைமார் கல்யாணத்தில் போயின. ஐந்தாவதுதான் எனக்கு ஆசிரியர் பயிற்சிச் செலவுக்கு ஆனது.

விற்பதற்கு முதல் நாள் ராத்திரிதான் அந்தப் படத்தை எடுத்தேன். காரைக்காலில் பத்தர் மூசையில் போட்டு ஊத, சேவல் கொண்டை முதலில் மழுங்கியது. அப்பாயி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "நல்லா படிச்சுடுய்யா" என்றார். வேறு பேச்சில்லை.

ஓய்வு பெற்ற பணத்தில் அதே மாதிரி ஒன்று வாங்கினேன். (வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனிக்கதை!) அதில் வருஷம் 1910. ரொம்பப் பெருமையாக இருந்தது. பிறகுதான் விவரம் படித்தேன். 1907 முதல் 1914 வரை வருஷம் போட்ட சேவல் காசுகளை, அதே பழைய வருஷங்களைப் பொறித்து, 1951 முதல் 1960 வரை பிரான்சில் மறுபடியும் ஏராளமாக அடித்திருக்கிறார்கள். அவற்றில் கொஞ்சம் செப்புச் சாயல் தெரியுமாம். என்னுடையதிலும் தெரிகிறது.

அதாவது 1954 மே மாதம் தியன் பியன் பூவில் தோற்று, நவம்பர் 1-ல் காரைக்காலையும் நம்மிடம் விட்டுக்கொடுத்த அந்தக் காலத்தில் அடித்த காசாக இது இருக்கலாம். சாம்ராஜ்யம் கரைந்துகொண்டிருந்தது, காசில் மட்டும் 1910! சரித்திரப் பாடம் நடத்திய எனக்கே இது அறுபது தாண்டித்தான் தெரிந்தது.

1904-ஐ அப்படித் திரும்ப அடிக்கவில்லை. அப்பாயி விற்றது அந்தக் காலத்து அசல்.

காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகளே, பிரான்சில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பாட்டி வீட்டில் சேவல் காசு இருந்தால் உருக்கக் கொடுக்கும் முன் வருஷத்தைப் பாருங்கள். 1906-க்கு உட்பட்டதாக இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். விலைக்குக் கேட்கமாட்டேன், பார்த்துக்கொள்கிறேன்.