கடைசி வீட்டு பல்பு

குரூஸ் கண்ட்ரோலைப் பணக்காரர்களின் சொகுசு என்று நினைப்பவர்கள், முட்டி தேய்ந்த லோரி ஓட்டுநரிடம் பேசிப் பார்க்க வேண்டும். ஜாசினில் அப்பாவின் ஒயரிங் பட்டறைக்கு வந்த பெரியவர் முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றியவர். வாரம் ஒருமுறை மனைவியைச் சிகிச்சைக்குக் கோலாலம்பூர் கூட்டிப்போகிறார். ஜாசின் டோல் தாண்டியதும் 110 அனுமதித்த சாலையில் 90இல் பூட்டிவிட்டு, வலது காலை நீட்டிக்கொள்வாராம். "அது இல்லன்னா சிரம்பான் வரைக்குந்தான் தம்பி தாங்கும்."

(இதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பார்வை இழந்த அமெரிக்கர். வழக்கறிஞர் ஒருவர் பேசிக்கொண்டே ஓட்டியதில் வண்டி இழுத்து இழுத்துப் போன எரிச்சலில் பிறந்த யோசனை என்பார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது.)

பெரியவரின் பழைய காடியில் அது இரவிலும் மழையிலும் தானாக அறுந்துகொண்டிருந்தது. வேறொரு பட்டறையில் ஸ்கேனர் 'மின்னழுத்தம் குறைவு' என்று காட்ட, பெட்டியையே மாற்றணும், 1,800 வெள்ளி என்றிருக்கிறார்கள். எனக்கு இது புரிவதே இல்லை. சோறு பத்தவில்லை என்று சொல்கிறவனையே மாற்றச் சொல்வதுபோல.

மீட்டரை எடுத்தேன். பேட்டரி 12.6. இன்ஜின் ஓடும்போது 14. பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தால் அங்கேயும் 14தான். ஒயரில் குறையில்லை, அப்போ பெட்டிதான் என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

அப்பா வந்து பார்த்தார். "ஆளில்லாத வீட்ல அளந்தா அப்படித்தான் காட்டும்."

அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில், வரிசையின் கடைசி வீடு. சாயங்காலம் ஜெனரேட்டர் போடுவார்கள். ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய எரிய, இவர்கள் வீட்டு பல்பு தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடுமாம். நீளமான மெல்லிய ஒயர், எல்லார் கரண்ட்டும் அதிலேயே. துருப்பிடித்த இணைப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. மின்சாரம் ஓடாதவரை முழு வோல்ட்டையும் காட்டும், ஓடும்போதுதான் விழுங்கும்.

பிளக்கை மாட்டி, முன்விளக்கு, வைப்பர், ஏர்கோன் எல்லாவற்றையும் போட்டோம். மீட்டரின் ஒரு முனை பெட்டியின் எர்த் ஒயரில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். நல்ல எர்த் என்றால் 0.1க்குள் நிற்கணும். 3.8 காட்டியது. பேட்டரியில் 14 இருந்தும் பெட்டிக்குக் கிடைப்பது பத்து சொச்சம். அதற்குக் கீழே போனால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதன் நல்ல குணம் அது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், இடது முன்விளக்குக்குக் கீழே ஒரு போல்ட். விளக்குக்கும் பெட்டிக்கும் அதுதான் பொது எர்த். பச்சை பூத்துக் கிடந்தது. "லைட்டும் மங்கலாத்தான் இருந்துச்சு, வயசாயிட்டா கண்ணு அப்படித்தான்னு விட்டுட்டேன்" என்றார் பெரியவர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, கிரீஸ் தடவினோம். 0.05.

தேடியது இரண்டு மணி நேரம், தேய்த்தது ஐந்து நிமிஷம். நான் 120 வெள்ளிக்கு பில் எழுதினேன். அப்பா அடித்துவிட்டு 40 வாங்கினார்.

"ஒரு போல்ட்டத் தேச்சதுக்கா 120?"

"கண்டுபிடிச்சதுக்கு."

ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டோம். புதுப் பெட்டிக்கு 1,800 கொடுக்கத் தயாராகும் ஊரில் மூளைக்கு 80 வெள்ளி கேட்கக் கூச்சப்படுவது எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பெரியவரின் மனைவி காடிக்குள் சாய்ந்து படுத்திருந்ததை நானும் பார்த்தேன் என்பதும் உண்மை.

மறுநாள் சுவரில் 'கோளாறு பார்க்க 60 வெள்ளி' என்று எழுதி ஒட்டினேன். அப்பா அதன்மேல் காலண்டரை மாட்டியிருக்கிறார்.