துப்பாக்கியை மறைப்பது எது?

ஒற்றர் கதைகளைப் படிப்பதில் எமக்கு நெடுநாளைய பிரியம் உண்டு. பொழுதுபோக்குக்காகப் படிப்பவற்றிலே பாடம் தேடுவது எம் வழக்கமன்று. ஆயினும், புதுக்கடை நீதிமன்றங்களைக் கடந்து அடிக்கடி போய்வரும் எமக்கு, அக்கதைகளில் வரும் ஒரு பொருளைப் பற்றிய சிந்தனை சில காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. உடைக்குள்ளே மறைத்து வைக்கத்தக்க சின்னஞ்சிறு கைத்துப்பாக்கியே அப்பொருள்.

இயன் பிளெமிங் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நவீனத்திலே, ஜேம்ஸ் பொண்ட் ஒரு சிறிய பெரேட்டாவை உடைக்குள் மறைத்து வைத்திருந்தான். அது பெண்களுக்கே ஏற்றதென்று, ஜெப்ரி பூத்ரொய்ட் என்னும் துப்பாக்கி நிபுணர் 1956இல் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக, 1958இல் வெளிவந்த 'டொக்டர் நோ' நவீனத்தில் வால்தர் பி.பி.கே. பொண்டின் கைக்கு வந்து சேர்ந்தது. அதுவும் ஏறக்குறைய ஆறு அங்குல நீளமே உடையது. மறைவின் பெருமை முழுவதையும் கதாசிரியர்கள் கருவியின் சிறிய உருவத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

எமது நாட்டில் நடந்தவையோ வேறு விதமாக இருக்கின்றன. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி, பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, றொஸ்மீட் பிளேஸ் இல்லத்து விறாந்தையிலே பொதுமக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அங்கு வந்திருந்த தல்துவே சோமராம என்ற பிக்குவைக் கண்டு வணங்கினார். அவ்வேளையில் துறவாடையினின்று வெளிப்பட்ட றிவோல்வர் அவரைச் சுட்டது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அந்த றிவோல்வர், போர்வீரருக்கென ஆக்கப்பட்ட பெரிய வெப்ளி வகையைச் சேர்ந்தது. பதினொரு அங்குல நீளமும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. அதனை மறைத்தது அக்காவியின்பால் மக்கள் கொண்டிருந்த பக்தியேயாகும். 1961இல் அக்கொலை வழக்கு விசாரிக்கப்பட்டதும் இதே புதுக்கடையில்தான்.

பல்லாண்டுகள் கடந்து, 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, அதே புதுக்கடையில் மற்றொரு கொலை நிகழ்ந்தது. பாதாள உலகப் புள்ளியெனப் பேசப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ, பலத்த காவலுடன் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தபோது, மன்றினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணியின் உடையில் வந்திருந்தார். சட்டநூல் ஒன்றின் தாள்களைத் துப்பாக்கியின் வடிவிலே வெட்டியெடுத்து, அக்குழியினுள் றிவோல்வரை வைத்துக் கொண்டுவந்தனர் என்று பொலிசார் தெரிவித்தனர்.

செய்தியைப் படித்த எம் வீட்டு இளைஞன், "ஒற்றர் கதை போலவே இருக்கிறதே!" என்று வியந்தான். "தம்பி, அந்த நூலை யாரும் திறந்து பார்க்கவில்லையே, ஏன்?" என்று கேட்டோம். அவன் சற்றுச் சிந்தித்து, "கறுப்புக் கோட்டு அணிந்தவரிடம் சட்டநூல் இருப்பது இயல்புதானே" என்றான். அவன் சொன்னதிலேதான் விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. துறவிக்கு வணக்கமும் வழக்கறிஞருக்கு மரியாதையும் செலுத்துவது நல்ல சமுதாயத்தின் பண்பு. கொலைஞர் ஒளித்து வைக்க இடம் தேடியது அந்தப் பண்பினுள்ளேயாகும்.

இதனால் நட்டமடைபவர் யாவர்? மாசற்ற துறவியும் நேர்மையான சட்டத்தரணியும், வழக்குக்கென்று வந்து வாயிலிற் காத்து நிற்கும் ஏழைத் தாயுமே. ஒருவன் செய்த வஞ்சனைக்காக ஆயிரம்பேர் தம் பைகளைத் திறந்து காட்ட நேரிடுகிறது. ஆகவே, வாயிற்காவலர் சோதனையிட வரும்போது நாம் முகஞ் சுளியாது இடங்கொடுப்போமாக. பெரியவர், கற்றவர் என்று எவரையும் விலக்காது சோதித்தல் அவர்களை அவமதிப்பதாகாது. அவர்கள் அணிந்த உடையின் மதிப்பைக் காப்பதேயாகும்.