பேரனின் கணக்கும் தம்பியின் கணக்கும்

2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் பேரனின் பாடசாலைப் பையிலிருந்து ஒரு கடிதவுறையை எடுத்து வந்த மகள், அதனை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, வாழ்நாள் முழுக்க மற்றவையள் எழுதினதைத் திருத்தினனீங்கள். இதையும் ஒருக்கால் பாருங்கோ. கையெழுத்து வைச்சு அனுப்ப வேணுமாம்."

உள்ளே இருந்தது பேரனுக்கான தனியாள் கல்வித் திட்டம். ஐ.ஈ.பி. என்றுதான் அங்கு எல்லோரும் சொல்கிறார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கணிதத்துக்கு வந்தேன். இவ்வாண்டுக்கான இலக்கு என்ற கட்டத்துக்குள் ஒரேயொரு வாக்கியம் இருந்தது. கணிதத்தில் தனது திறன்களை இவர் மேம்படுத்திக்கொள்வார் என்பது அதன் பொருள்.

நாற்பது ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவனுக்கு இத்தகைய வாக்கியங்கள் புதியனவல்ல. "உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என அமைச்சர் தெரிவித்தார்" என்று எழுதிக்கொண்டு வரும் இளம் நிருபரிடம், என்ன நடவடிக்கை, யார் எடுப்பார், எப்போது என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த வாக்கியத்தையும் அப்படித் திருப்பி அனுப்ப வேண்டும் போலிருந்தது. மகளிடமும் அதையே சொன்னேன்.

பேரனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வாசிப்பில் கெட்டிக்காரன். உலக நாடுகளின் தலைநகரங்களைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான். ஆனால் எட்டையும் ஏழையும் கூட்ட இன்றும் மேசைக்கு அடியில் விரல்களை மடக்குவான். முட்கள் உள்ள கடிகாரத்தில் நேரம் பார்க்கத் தடுமாறுவான். நாலில் மூன்றா, மூன்றில் இரண்டா பெரியது என்று கேட்டால் முகம் இருண்டுவிடும். ஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ் 1974 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பொதுவான அறிவாற்றல் குன்றாமல் எண்களைக் கையாளும் திறன் மட்டும் பாதிக்கப்படும் நிலையைத் தனியாக வரையறுத்துக் காட்டினார். டிஸ்கல்குலியா என்பது அதன் பெயர். பேரனைப் பரிசோதித்த உளவியலாளரின் அறிக்கையிலும் அந்தச் சொல் இருந்தது.

அந்தச் சொல்லை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவன் என் தம்பி.

யாழ்ப்பாணத்தில் 1960களில் நாங்கள் படித்த காலத்துக் கணக்குகள் கொடியவை. பதினாறு அவுன்ஸ் ஓர் இறாத்தல், நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் ஓர் அந்தர், இருபது அந்தர் ஒரு தொன். தம்பிக்கு இவை எதுவும் மனதில் நின்றதில்லை. நன்றாகப் பாடுவான், கதை சொல்வான், பழுதான எந்தச் சைக்கிளையும் பிரித்துப் பூட்டுவான். கணக்குக் கொப்பியைத் திறந்தால் மட்டும் வேறொரு பிள்ளையாகிவிடுவான். வகுப்பில் அவனுக்கு மொக்கன் என்று பெயர். வாங்கின் மீது ஏறி நிற்பது அவனுக்கு நாளாந்த வழக்கம்.

வீட்டில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. வாசகர்களிடம் மறைப்பதற்கு எதுவுமில்லை, நானும் அவன் தலையில் குட்டினேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்காக ஓரிரவு அழ அழக் குட்டினேன். மறுநாள் காலையில் அவன் அதனை மறந்திருந்தான். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டான்.

இந்தப் பின்னணியோடுதான் மகள் வீட்டில் நடந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்ராறியோவில் 1980 ஆம் ஆண்டு நிறைவேறிய 82 ஆம் இலக்கச் சட்டமூலம், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு ஏற்ற கல்வியை வழங்குவதைக் கல்விச் சபைகளின் கடமையாக்கியது. அடையாளம் காணப்பட்ட ஒரு பிள்ளை உரிய வகுப்பில் சேர்ந்து 30 பாடசாலை நாட்களுக்குள் இத்திட்டம் தயாராக வேண்டும் என்பதும், பெற்றோரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் 1998 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் உள்ளன. கணிதம் போன்ற ஒரு பாடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏழாம் வகுப்புப் பாடத்தையே வைத்துக்கொண்டு கற்கும் விதத்தில் மட்டும் உதவுவது ஒன்று: கூடுதல் நேரம், கல்குலேட்டர், பெருக்கல் அட்டவணை போன்றவை. பாடத்தின் அளவையே நான்காம், ஐந்தாம் வகுப்பு நிலைக்கு மாற்றுவது மற்றையது. பாடத்திட்டத்துக்கு வெளியேயுள்ள வாழ்க்கைத் திறன்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. அது எங்கள் பிள்ளைக்குப் பொருந்தவில்லை.

அந்தத் திட்டத்தில் பேரனின் கணிதம் முழுவதும் நான்காம் வகுப்பு நிலைக்கு மாற்றப்பட்டிருந்தது.

மருமகன் கொதித்தார். "மாமா, இப்பவே நாலாம் வகுப்புக்கு இறக்கினால் ஒன்பதாம் வகுப்பிலை என்ன செய்வான்?" என்று கேட்டார். அவருடைய கோபத்தில் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சமும் கலந்திருந்தது. ஆயினும் கேள்வி நியாயமானது. 2021 முதல் அம்மாகாணத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணிதம் எல்லோருக்கும் ஒரே பாடநெறியாக உள்ளது. உயர்நிலைப் பாடசாலையில் மாற்றியமைக்கப்பட்ட பாடத்தைப் படித்தால் அதற்குரிய திறமைப்புள்ளி கிடைக்குமா என்பதை அதிபரே தீர்மானிப்பார். இன்று இறக்கி வைக்கும் படி, இரண்டு ஆண்டுகளில் ஏற முடியாத சுவராகிவிடலாம்.

மகளின் நியாயம் வேறு. "ஒவ்வொரு நாளும் வயித்துவலி எண்டு சொல்லிப் படுக்கிறான், அப்பா. கணக்குப் பாடம் உள்ள நாளிலைதான் அந்த வலி. அவனுக்கு ஏலக்கூடியதைக் குடுத்தால் காணும்."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தம்பியை நினைத்து மகள் பக்கம் சாய்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற அதே தம்பியை நினைத்து மருமகன் பக்கமும் சாய்ந்தேன்.

கையெழுத்து வைக்காமல் கூட்டம் ஒன்றைக் கேட்டார்கள். என்னையும் அழைத்துச் சென்றார்கள். வகுப்பாசிரியரோடு விசேட கல்வி ஆசிரியை ஒருவரும் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி மருமகன் பேசத் தொடங்கியதும் அவர் தடுக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. கேட்டு முடித்துவிட்டு எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உதவி எதுவுமில்லாமல் உங்கள் பிள்ளை செய்யக்கூடிய கணக்குகள் எவை?"

எங்கள் மூவருக்கும் உடனே விடை தெரியவில்லை. அவனால் முடியாதவற்றைப் பட்டியலிட எங்களால் முடிந்தது. முடிந்தவற்றை ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. என் தம்பியைப் பற்றி எந்த ஆசிரியரும், நான் உட்பட, இக்கேள்வியைக் கேட்டதில்லை.

அவர் தாமே இரண்டு வாரங்கள் எடுத்து அதனைக் கண்டறிந்தார். பேரன் விகிதத்தைப் புரிந்துகொள்கிறான். ஒரு கோப்பை அரிசிக்கு இரண்டு கோப்பை தண்ணீர் என்றால் மூன்று கோப்பைக்கு எவ்வளவு என்பதை விளங்கிச் சொல்கிறான். பெருக்கல் விடையை நினைவிலிருந்து எடுக்கும் இடத்தில்தான் இடறுகிறான். பின்னங்களில் அத்திவாரமே ஆடுகிறது. திசைகொண்ட எண்களை வெப்பமானியைக் காட்டிச் சொன்னால் விளங்குகிறது. கனடாவின் குளிரில் வளர்ந்த பிள்ளைக்குப் பூச்சியத்துக்குக் கீழே என்பது அன்றாட அனுபவமல்லவா?

ஆகவே முழுக் கணிதத்தையும் இறக்க வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. விகிதமும் திசைகொண்ட எண்களும் ஏழாம் வகுப்பு நிலையிலேயே இருக்கும், அட்டவணையும் கல்குலேட்டரும் உதவிக்கு வரும். பின்னங்கள் மட்டும் கீழிருந்து தொடங்கும். அதற்கும் முதலில் மடித்த கடதாசிக் கீற்றுகள், பின்னர் எண்கோட்டுப் படம், கடைசியில் வெறும் எண்கள் என்று ஒரு வரிசை. செயல், படம், குறியீடு என ஜெரோம் புரூனர் 1960களில் எடுத்துரைத்த வரிசைதான் அது. எங்கள் காலத்தில் நேராகக் குறியீட்டில் தொடங்கிக் குட்டில் முடித்தோம்.

புதிய திட்டத்தில் பின்னங்களுக்கான இலக்கு இப்படி அமைந்தது: எண்கோடும் பெருக்கல் அட்டவணையும் கையில் இருக்க, பகுதியெண் வேறுபட்ட இரு பின்னங்களில் பெரியது எது என்பதை, ஐந்து வினாக்களில் நான்குக்காவது சரியாகச் சொல்லி, காரணத்தையும் விளக்குவான், அடுத்தடுத்த மூன்று தடவைகள், பெப்ரவரி அறிக்கைக்கு முன்னர். இப்போது ஐந்தில் ஒன்று சரி என்பதும் பக்கத்தில் குறிக்கப்பட்டிருந்தது.

வாசித்தபோது என்னை அறியாமலே தலையசைத்தேன். நல்ல செய்தியொன்றின் முதற்பந்தியைப் போல் இருந்தது. யார், என்ன, எப்படி, எவ்வளவு, எப்போது என எல்லாக் கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது. பெப்ரவரியில் எவரும் எவரையும் ஏமாற்ற முடியாது. பிள்ளை அடைந்திருப்பான், அல்லது அடைந்திருக்க மாட்டான். அடையாவிட்டால் மாற்ற வேண்டியது கற்பித்த விதத்தையா, இலக்கையா என்று பேசலாம். "திறன்களை மேம்படுத்திக்கொள்வார்" என்பதில் தோற்பதற்கு யாருக்கும் வழியில்லை. தோற்க முடியாத இலக்கினால் வெல்லவும் முடியாது.

இன்னொன்றையும் அந்த ஆசிரியை வெளிப்படையாகச் சொன்னார். பாட நிலையை இறக்கிவிட்டு அதில் எண்பது புள்ளி கொடுத்தால் வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் அந்த எண்பது எந்த வகுப்பின் எண்பது என்பதை அறிக்கையின் குறிப்பில் வாசிக்கத் தவறுவோர் பலர். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததை இலக்காக வைப்பதும் அவனைக் கைவிடுவதில் ஒரு வகைதான்.

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. பெப்ரவரியில் ஐந்தில் மூன்றோடு நின்றான். யூன் மாதத்தில்தான் நான்கைத் தொட்டான். திசைகொண்ட எண்களில் வகுப்போடு சேர்ந்து நடந்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது இன்னமும் அவனுக்கு மனதில் நிற்பதில்லை, அட்டவணையைப் பார்க்கிறான். வயிற்றுவலி மட்டும் மார்ச் மாதமளவில் நின்றுபோனதாக மகள் தொலைபேசியில் சொன்னாள்.

மறு ஆண்டு கோடையில் மீண்டும் சென்றபோது கடைக்கு என்னைக் கூட்டிச்சென்றான். கூடைப்பந்து ஒன்றின் விலை 24 டொலர். அங்கே வரி 13 சதவீதம். சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "பத்து வீதம் எண்டால் ரெண்டு நாற்பது. மிச்சம் மூண்டு வீதம் ஒரு டொலருக்குள்ளை. கிட்டத்தட்ட இருபத்தேழு, அம்மப்பா" என்றான். பற்றுச்சீட்டில் 27 டொலர் 12 சதம் என்று வந்தது. அதனை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

தம்பி 2012 இல் காலமானான். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். கூலியை எண்ணி வாங்கத் தெரியாமல், வந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். சங்கக்கடைக்குப் போனால் பெரிய நோட்டொன்றை நீட்டி, மிச்சக் காசை எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொள்வான். ஊரில் அதனைப் பெருந்தன்மை என்றார்கள். அவனுக்கும் எனக்கும் மட்டுமே உண்மை தெரியும்.

விசேட தேவையுடைய பிள்ளையின் திட்டம் உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்து வைக்கும் முன்னர் கணித இலக்கை ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பிள்ளையின் பெயரைப் போட்டாலும் பொருந்துமானால், அது உங்கள் பிள்ளைக்காக எழுதப்பட்டதல்ல. திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை.

என் தம்பிக்கு 1965 இல் ஓர் இலக்கு எழுதியிருந்தால் அது மிகச் சிறியதாகவே இருந்திருக்கும். ஐந்து ரூபாவுக்குள் பொருள் வாங்கி, மிச்சக் காசைத் தானே எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் கடைக்காரரிடம் கேட்பான், ஓராண்டுக்குள். ஏழாம் வாய்ப்பாட்டுக்காகக் குட்டிய இரவுகளில் இதனைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.