கழல மறுத்த ஆணி

உடுப்பிட்டியில் எமது வீட்டு முற்றத்தில் ஐயா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் நிற்கிறது. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான வகை. 1990ஆம் ஆண்டுக்குப் பின், பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதான காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் அதுவும் ஒன்று.

அண்மையில் அதன் சிவப்பு விளக்கு அணைய மறுத்தது. பற்றரிக்கு மின்னூட்டும் டைனமோ ஓய்ந்துவிட்டது. மாற்று டைனமோ ஒன்றைத் தேடிப் பெற்றோம். பழையதைத் தாங்கிய துருவேறிய ஆணியோ இரு நாட்கள் எம்மை வென்றது. மூன்றாம் நாள் சுத்தியலை ஓங்கினோம்.

"அடியாதேங்கோ சேர், டைனமோவின்ரை காது உடைஞ்சுபோம்!"

படலையில் நின்றவன் எம்மிடம் படித்தவன்; கணிதத்தில் சித்தியெய்தாது பள்ளியை விட்டு, கராஜில் வேலைக்குச் சேர்ந்தவன். வகுப்பு முழுவதும் கேட்க அவனை 'எதற்கும் உதவாதவன்' என்றவர் நாமே.

துருவில் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட்டான். மறுநாள், இறுக்கும் பக்கமாகச் சற்றே திருப்பிய பின்னரே கழற்றினான். புதியதைப் பூட்டி, பட்டியின் தளர்வு அரை அங்குலமெனப் பெருவிரலால் அழுத்தி அளந்தான். பற்றரியிலிருந்து ஒரு வயரை 'எஃப்' முனையில் கணநேரம் தொட்டான்.

"கரண்ட் எந்தப் பக்கம் எண்டு அதுக்குச் சொல்லிக் குடுக்கவேணும், சேர்."

இயந்திரம் முழங்கியது, சிவப்பு விளக்கு அணைந்தது.

கூலியைக் கொடுத்துவிட்டு, "தம்பி, அன்று நாம் சொன்னது தவறு" என்றோம். எதைச் சொல்கிறோம் என்று அவன் கேட்கவில்லை.

"அதெல்லாம் எப்பவோ, சேர்" என்று நிலம் நோக்கினான்.

ஆசிரிய நண்பர்களே, அவன் மறந்திருக்கவில்லை. அளவும் காரணமும் அறிந்த அந்தக் கைகளுக்கு எம் வினாத்தாளில் இடமில்லாது போயிற்று. அன்று சித்தியெய்தாதவர் யார்?