குயில் பாடிய கேசட்

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாசனை உண்டு. விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சேற்றின் வாசனை, மத்தியானத்துக்கு மேல் ஈயம் உருகும் வாசனை. அப்பா தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியன். வாரமெல்லாம் ஊரார் லைனைச் சரிபார்ப்பவர், லீவு நாளில் பறவை பார்க்கப் போவார். திரும்பி வந்ததும் பேச்சுமூச்சற்றுக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் எதையாவது திறந்து வைத்துக்கொள்வார். இரண்டுக்கும் என்னையும் தம்பியையும் சேர்த்துக்கொள்வார்.

மடிப்பாக்கத்திலிருந்து டி.வி.எஸ். 50-இல் கிளம்பினால் சதுப்புநிலம் பக்கம்தான். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேட்டின் புகை, இன்னொரு பக்கம் தண்ணீரில் நிற்கும் பூநாரைகள். கோரைக்குள் நீலத்தாழைக்கோழி நீண்ட விரல்களை எடுத்து எடுத்து வைத்து நடக்கும். பெயரைக் கேட்டால் அப்பா உடனே சொல்லமாட்டார். “முதல்ல நல்லா பாரு பாப்பா. அலகைப் பாரு, காலைப் பாரு, எப்படித் திங்குதுன்னு பாரு. பேரு எங்க போயிடப்போவுது?” வீட்டுக்கு வந்த பிறகுதான் சாலிம் அலியின் புத்தகம் அலமாரியிலிருந்து இறங்கும்.

பி.பி.சி. மைக்ரோ எங்கள் வீட்டுக்கு வந்தது 2003-இல், நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்டதைப் பழைய இரும்புக்கடைக்காரர் எடைக்கு வாங்கி, எடைக்கே அப்பாவிடம் கொடுத்துவிட்டார். பி.பி.சி.யின் கணினிக் கல்வித் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த இயந்திரம் அது. 1984-இல் நம் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தர ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. அதன் நினைவகம் மொத்தம் 32 கிலோபைட். அதற்குள் எத்தனை பிள்ளைகளின் முதல் புரோகிராம் ஓடியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மரியாதை வருகிறது.

வேலை நடந்தது அம்மாவின் தையல் மேசையில். திங்கட்கிழமை காலைக்குள் மேசை காலியாக வேண்டும், திருகாணி ஒன்றுகூடத் துணிக்குள் போகக் கூடாது: அம்மாவின் நிபந்தனை இவ்வளவுதான். கீபோர்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டைமாடியில் பேப்பர் விரித்துக் காயவைத்தோம். மேல்வரிசைக் கட்டைகள் பத்தும் நல்ல சிவப்பு. காக்கைக்கு அதன்மேல் கண். காவல் என் பொறுப்பு. ஒரு காக்கை மதில்மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று கவனித்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கியது. எங்கள் தெருவில் எப்போதும் இருக்கிற பறவையை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன். அதன் கழுத்து சாம்பல் நிறம் என்பதே அதுவரை மனத்தில் பதிந்ததில்லை.

சுவிட்சைப் போட்டதும் முதலில் தாழ்ந்த ஒலி, பிறகு உயர்ந்த ‘பீப்’. டி.வி.யில் மூன்று வரி வந்தது. தம்பி குதித்தான். கொஞ்ச நேரத்தில் பெட்டியின் இடப்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி, மீன் கருகியதுபோல் நாற்றம் வீடெல்லாம் பரவியது. “என்னங்க, ஆஃப் பண்ணுங்க மொதல்ல!” என்று அம்மா ஜன்னல்களைத் திறந்தாள். அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சிரித்தார். “மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. பவர் சப்ளையில ஒரு கெபாசிட்டர் போயிருக்கு.” மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் காகிதக் கெபாசிட்டர் அது. வருஷங்கள் போகப்போக அதன் மேலோடு விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும். திரும்ப மின்சாரம் பாயும்போது வெடித்துப் புகையும். சென்னைக் கடற்காற்றில் சும்மா கிடந்த பெட்டிக்கு வேறென்ன நடக்கும்? மறுவாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதிது வாங்கிவந்து பற்றவைத்தார். அதன் பிறகு புகை வரவில்லை.

பறவைக் குறிப்புகளை அதில் ஏற்ற வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆனால் அந்த மெஷினுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே எழுத்தை வரைந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். கிராஃப் நோட்டில் பென்சிலால் கட்டங்களைக் கறுப்பாக்குவேன். இடக்கோடிக் கட்டத்துக்கு 128, அடுத்ததற்கு 64, அப்படியே பாதி பாதியாகக் குறைந்து வலக்கோடிக்கு 1. ஒரு வரிசையில் கறுப்பான கட்டங்களைக் கூட்டினால் ஓர் எண். எட்டு வரிசைக்கு எட்டு எண். அவைதான் ஓர் எழுத்து. பைனரி என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே அந்தக் கணக்கு என் விரலுக்கு வந்துவிட்டது.

எங்களுக்குக் கிடைத்தது 32 எழுத்துக்கான இடம். தமிழை அதற்குள் எப்படி அடக்குவது? எழுத்து வரிசைப்படி போனால் முடியாது, பறவை வரிசைப்படி போவோம் என்றார் அப்பா. கூழைக்கடாவுக்குக் ‘கூ’ தனியாக வேண்டும், புள்ளி வைத்த ‘க்’ வேண்டும். நத்தைகுத்தி நாரைக்குக் ‘கு’ வேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே கட்டம் போதும் என்று தம்பி கண்டுபிடித்துச் சொன்னபோது, ஓர் இடம் மிச்சமான சந்தோஷத்தில் அப்பா அவனைத் தூக்கிச் சுற்றினார். ‘ண’ மட்டும் எட்டுக் கட்டத்துக்குள் அடங்காமல் வதைத்தது. அதற்கு இரண்டு இடம் கொடுத்தோம். திரையில் ‘கூழைக்கடா’ என்று கரடுமுரடாக முதன்முதலில் வந்தபோது, சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து உரக்க வாசித்தாள்.

சேமித்துவைக்க டேப்ரெக்கார்டர்தான். அதே டேப்ரெக்கார்டரில் அப்பா பறவைக் குரலையும் பதிவு செய்வார். ஆகவே கேசட்டின் ஒரு பக்கம் குயிலும் செம்போத்தும், மறுபக்கம் காதைத் துளைக்கும் கீச்சொலியாக எங்கள் பறவைப் பட்டியல். ஒருமுறை தம்பி பக்கம் மாற்றிப் போட்டுவிட்டான். திரையில் ‘சர்ச்சிங்’ என்று வந்து அப்படியே நின்றது. குயில் கூவக்கூவ மெஷின் தேடிக்கொண்டே இருந்தது. அப்பா நிறுத்தச் சொல்லவில்லை. “கேக்கட்டும், பாவம்,” என்றார். பாட்டு முடியும்வரை நாங்கள் நான்கு பேரும் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மத்தியானம்தான்.

அப்பா ஓய்வுபெற்று, பிறகு ஒரு நாள் இல்லாமலும் போனார். மெஷின் இப்போது என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது. அதற்கான பேசிக் நிரல்மொழியை எழுதிய சோஃபி வில்சனும், அதே நிறுவனத்தின் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஏ.ஆர்.எம். சிப் 1985-இல் முதன்முதலில் ஓடியது, இப்படியொரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான். இன்று நம் கைப்பேசிகளுக்குள் இருப்பது அந்த வம்சம். பள்ளிக்கரணையும் 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பா இல்லாதது வலித்தது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் பத்துச் சிவப்புக் கட்டைகளோடு ஒரு பழுப்புப் பெட்டி தூசி படிந்து கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஆர்வத்தில் உடனே சுவிட்சையும் போட்டுவிடாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து, பவர் சப்ளையைத் திறந்து அந்தக் கெபாசிட்டரை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.